பிரௌசரில் ஓடும் டிஸ்கோ ஆர்பிஜி: டொமைன் முதலிலா, டெமோ முதலிலா?

படகுத்துறை | ஜார்ஜ்டவுன், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். மூன்று பேர் சேர்ந்து தமிழில் ஒரு ஆர்பிஜி (கதாபாத்திரமாக நடந்து நிலை ஏற்றும் கணினி ஆட்டம்) செய்கிறோம். கதை நடப்பது 1979-ல், ஜார்ஜ்டவுனில். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் இரவில் டிஸ்கோவுக்கு ஆடப் போகிறான். சண்டைகள் முறை வைத்து நடக்கும். பின்னால் டிஸ்கோ ஓடும். தாளத்தோடு பொத்தானை அழுத்தினால் அடி பலமாக விழும். கோடோட் 4.3 என்ற கேம் என்ஜினில் கட்டியிருக்கிறோம். நாற்பது நிமிட டெமோ தயார், பிரௌசரிலேயே விளையாடலாம்.

இப்போது அது ஓர் இலவச ஹோஸ்டிங்கின் துணை முகவரியில் இருக்கிறது. அதே முகவரியில் அடுத்த வாரம் எல்லாருக்கும் திறந்துவிட்டு, டொமைனைப் பிறகு வாங்கினால் போதுமா? வாங்குவதென்றால் டாட் மை, டாட் காம், டாட் டிஜே, தமிழ் எழுத்திலேயே ஒரு பெயர் என்று நான்கு யோசனை ஓடுகிறது. எது சரி?

இசையில் ஒரு குறை. சண்டைப் பாட்டு 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்), 44.1 கிலோஹெர்ட்ஸ் எம்பி3. லூப் திரும்பும் இடத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு வெற்றிடம் விழுகிறது. தாளம் வைத்து ஆடும் ஆட்டத்தில் அது பெரிய இடைஞ்சல்.

எழுத்திலும் ஒரு குறை. உரையாடல் ஒவ்வோர் எழுத்தாக வரும்போது 'கொட்டு' என்ற சொல்லில் முதலில் 'க' தெரிகிறது, பிறகு அது 'கொ' என்று மாறுகிறது. கணினியில் ஏற்றி ஓட்டினால் தமிழ் தெரிகிறது, பிரௌசரில் சில இடங்களில் கட்டம் கட்டமாக வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பெயர்வழங்கி | செந்தூல், கோலாலம்பூர்

வணக்கம் படகுத்துறை. முதல் கேள்விக்கு மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: டொமைனை வாங்கி, ஆட்டத்தை அதில் ஏற்றி, பிறகுதான் திறக்க வேண்டும்.

காரணம் சேவ் ஃபைல். கோடோட் பிரௌசரில் ஓடும்போது சேவ் ஃபைலை இண்டெக்ஸ்ட்டிபி என்ற பிரௌசர் கிடங்கில் எழுதுகிறது. அந்தக் கிடங்கு ஆட்டத்துக்குச் சொந்தமில்லை, முகவரிக்குச் சொந்தம். எச்டிடிபிஎஸ்ஸா எச்டிடிபியா, ஹோஸ்ட் பெயர் என்ன, போர்ட் எண் என்ன, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிரௌசருக்கு ஒரு முகவரி. மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு கிடங்கு திறக்கும், அது காலியாக இருக்கும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்ட முகவரியும் போடாத முகவரியும்கூட இரண்டு கிடங்குதான். மூன்று நிமிடத்தில் முடியும் ஆட்டமென்றால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆர்பிஜியில் நாற்பது நிமிடம் நடந்து, பொருள் சேர்த்து, நிலை ஏற்றியவர் புது முகவரியில் 'புதிய ஆட்டம்' என்ற ஒரே பொத்தானைப் பார்த்தால் திரும்பி வரமாட்டார்.

அதனால் ஒரே ஒரு முகவரியை முதன்மை என்று முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாப் பெயர்களும் 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டு அதற்குத் திரும்ப வேண்டும். ஒரே ஆட்டத்தை இரண்டு முகவரியில் காட்டாதீர்கள். விளையாட்டுத் தளம் எதிலாவது ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) பதித்தால் அங்கே இன்னொரு சேவ் தனியாக வளரும். குரோம் 115-லிருந்து, 2023 முதல், ஐஃப்ரேமுக்குள் இருக்கும் கிடங்கை வெளித் தளத்தின் பெயரோடு சேர்த்துப் பிரித்து வைக்கிறது.

வெறும் பெயரா, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டதா என்று கேட்டால், ஹோஸ்டிங் மாறும் வாய்ப்பு இருந்தால் இரண்டாவது நல்லது. டிஎன்எஸ் என்பது பெயரை சர்வரின் ஐபி எண்ணாக மாற்றும் அமைப்பு. அதில் வெறும் பெயருக்கு எஸ்ஓஏ, என்எஸ் என்ற நிர்வாகப் பதிவுகள் கட்டாயம் இருக்கும். அவை இருக்கும் இடத்தில் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) வைக்க விதி இடம் கொடுக்காது. ஏ பதிவு போட்டு ஐபி எண்ணைக் கட்டிப்போட வேண்டியிருக்கும், ஹோஸ்டிங்காரர் எண்ணை மாற்றினால் தளம் விழும். சிநேமை உள்ளேயே ஐபியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் சேவை உங்களிடம் இருந்தால் இந்தக் கவலை இல்லை. சர்வர் மாற்றப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே டிடிஎல்லை (டிஎன்எஸ் விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 விநாடிக்கு இறக்குங்கள். பழைய டிடிஎல் 86,400 என்று இருந்தால் அந்த ஒரு நாள் கழியும் வரை உலகத்தில் பாதிப் பேருக்குப் பழைய சர்வர்தான் தெரியும். மாற்றிய அன்று இறக்கினால் பயன் இல்லை.

எந்த முடிவு என்பதற்கு வருகிறேன். இரண்டெழுத்து முடிவு அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு நாட்டுடையது அல்லது ஆட்சிப் பகுதியுடையது. டாட் டிஜே ஜிபூட்டி நாட்டுடையது. இசைக்காரர்கள் விரும்பும் டாட் எஃப்எம் மைக்ரோனேசியாவுடையது. கேட்க அழகுதான், ஆனால் விலையும் விதியும் அந்த ஊர்க் கையில். விளையாட்டுக்காரர்கள் வாங்கிக் குவித்த டாட் ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப் பகுதியுடையது. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நாட்டுக் குறியீடு சர்வதேசப் பட்டியலிலிருந்து நீங்கினால் அதன் டொமைனை மூட ஐந்து ஆண்டு, நீட்டித்தால் பத்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-ல் இப்படித்தான் அணைந்தது. டாட் ஐஓவுக்கு அதுவே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சேவ் ஃபைல் ஒட்டியிருக்கும் முகவரிக்கு இப்படி ஒரு கேள்விக்குறியே வேண்டாம் என்கிறேன்.

டாட் மை நம் ஊருக்கு நல்ல தேர்வு. மைனிக் என்ற அமைப்பு நடத்துகிறது. தனிநபர் பெயரில் எடுக்கலாம். டாட் காம் டாட் மை வேண்டுமென்றால் நிறுவனப் பதிவுப் பத்திரம் வேண்டும், மூன்று பேர் சேர்ந்த குழு என்பது போதாது. வெளிநாட்டிலும் ஆள் வேண்டுமென்றால் டாட் காம். டாட் கேம்ஸ் போன்ற புது முடிவுகளில் முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்பார்கள். பிரீமியம் என்று குறித்த பெயராக இருந்தால் புதுப்பிப்பும் ஒவ்வொரு வருடமும் அதே உயரத்தில் இருக்கக்கூடும். வாங்கும் பக்கத்தில் புதுப்பிப்பு விலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

தமிழ் எழுத்து டொமைன் எனக்குப் பிடித்த விஷயம், ஆனால் முதன்மை முகவரியாக வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் நாட்டு முடிவு இருக்கிறது. மலேசியாவுக்கு ஜாவியில் (மலாய் மொழியின் அரபு எழுத்து வடிவில்) தான் உண்டு. ஆகவே நீங்கள் டாட் காமுக்கு முன்னால் தமிழ்ப் பெயர் வைப்பீர்கள். டிஎன்எஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, அது பியூனிகோடாக, அதாவது ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த வடிவமாக, மாறித்தான் போகும். 'சிங்கப்பூர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனி, அதனால் பதினொன்று. பியூனிகோடில் 22 குறி. ஒரு துண்டுக்கு 63 எழுத்துதான் எல்லை, அதனால் நீளமான பெயர் ஏறாது. சில செயலிகள் இணைப்பைப் பகிரும்போது அந்த ரோமன் குப்பையை அப்படியே காட்டும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று நினைத்து விலகுவார்.

பெயரில் 'ஔ', 'ஸ்ரீ' இரண்டையும் தவிருங்கள். 'ஔ' ஒரே குறியாகவும் வரும், 'ஒ' பக்கத்தில் 'ள' போட்டும் வரும். பார்க்க ஒன்று, டொமைன் இரண்டு. 'ஸ்ரீ'க்கும் யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது. தமிழ்ப் பெயரை வாங்கி 301 போட்டு முதன்மைக்குத் திருப்பிவிடுங்கள், சுவரொட்டியில் அது அழகாக நிற்கும்.

முதன்மைப் பெயரை ரோமனில் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை: தொலைபேசியில் பெயரைச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். 'படகு' என்றால் நடு எழுத்துக்கு ஒருவர் 'd' போடுவார், இன்னொருவர் 't' போடுவார். கடைசியில் ஒருவர் 'ஜி', ஒருவர் 'கே'. நான்கு வடிவமும் வந்தால் அந்தப் பெயர் ஆகாது. 'மணி', 'நிலா' போல ஒரே வடிவில் எழுதப்படும் சொல்லைத் தேடுங்கள்.

பதிவு செய்யும்போது நான் அடிக்கடி பார்க்கும் சறுக்கல் இரண்டு. ஒன்று, டாட் காம் போன்றவற்றில் சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும், 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைன் நிறுத்தப்படும், தளமே மறையும். இரண்டு, கணக்கின் மின்னஞ்சலை அதே டொமைனில் வைப்பது. டொமைன் காலாவதியானால் மீட்புக் கடிதமும் வராது. தளம் செய்து கொடுப்பவர் பெயரில் பதியாமல் உங்கள் மூவரில் ஒருவர் பெயரில் பதியுங்கள். தவறவிட்டால் டாட் காமில் புதுப்பிப்பு அவகாசம் முடிந்த பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் அதிகம். அதற்கும் பிறகு 5 நாளில் பெயர் சந்தைக்குப் போய்விடும்.


பன்னிரண்டங்குலம் | பட்டர்வொர்த், பினாங்கு

இசைக்கு நான் வருகிறேன்.

வெற்றிடத்துக்குக் காரணம் எம்பி3. அது ஒலியை 1,152 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீடு) கொண்ட துண்டுகளாக அடுக்கும். உங்கள் பாட்டு சரியாக அந்த அளவில் முடியாது, மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். முன்னாலும் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். சாதாரணமாகக் கேட்கும்போது தெரியாது, லூப்பில் அப்பட்டமாகத் தெரியும். மூலக் கோப்பிலிருந்து ஓஜிஜி வோர்பிஸ் என்ற ஒலி வடிவமாக ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3-ஐ ஓஜிஜியாக மாற்றினால் அந்த மௌனமும் கூடவே வரும்.

அடுத்தது வேகம். 128 டிஸ்கோவுக்கு விரைவு, அது ஹவுஸ் இசையின் வேகம். 1970-களின் டிஸ்கோ பெரும்பாலும் 110-க்கும் 125-க்கும் இடையில் நடக்கும். 120-க்கு இறக்கி, 48 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் கணக்கும் சுத்தமாகிவிடும்: ஒரு பீட் 24,000 சாம்பிள், ஒரு பார் (நான்கு பீட்) 96,000, பதினாறு பார் 15,36,000, அதாவது சரியாக 32 விநாடி. இப்போது நீங்கள் வைத்திருக்கும் 128-ல் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பார் 82,687.5 சாம்பிள். அரை சாம்பிள் காதுக்குக் கேட்காது. ஆனால் டிரம், பேஸ், வயலின் என்று தனித்தனி ஸ்டெம் (ஒரு கருவிக்கு ஒரு ஒலிக்கோப்பு) வெட்டும்போது ஒன்றில் மேலே முழுமையாக்கி, இன்னொன்றில் கீழே முழுமையாக்கி, நீளம் பிசகும். நீளம் பிசகிய ஸ்டெம்கள் லூப் கூடக் கூட ஒன்றைவிட்டு ஒன்று விலகும்.

இன்னொன்று. எதிரொலியின் வால் லூப் முடிவில் வெட்டுப்படும், தலையில் அது இல்லாமல் வறண்டு தொடங்கும். பாட்டை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டு ஏற்றுமதி செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவது சுற்றின் தலையில் ஏறியிருக்கும், ஒட்டு தெரியாது.

டிஸ்கோவை டிஸ்கோ ஆக்குவது கிக் டிரம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு பீட்டிலும் கிக் அடித்தால் அணிவகுப்பும் வரும். நடனம் வருவது ஹை-ஹேட்டில். கிக்குக்கும் கிக்குக்கும் நடுவில் ஹை-ஹேட் திறந்து 'ட்ஸ்ஸ்' என்று விட்டு, அடுத்த கிக்கில் மூட வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் டிரம்மர் எர்ல் யங் வாசித்துப் பரவிய முறை இது. மூடும் நேரம்தான் உயிர்: சீக்கிரம் மூடினால் விறைப்பு, தாமதித்தால் சளசளப்பு. ஸ்நேர் 2-லும் 4-லும், கைத்தட்டலை ஸ்நேருக்கு 10 மில்லிநொடி தள்ளி வையுங்கள், ஒரு கும்பல் தட்டுவது போல இருக்கும். பேஸ் கிட்டார் கீழ் ஸ்வரம், மேல் ஸ்வரம் என்று ஆக்டேவில் குதிக்கட்டும். கைப்பேசி ஒலிபெருக்கியில் அடி ஒலி ஏறாது, கீழ் ஸ்வரம் மறைந்துபோகும், மேல் ஸ்வரம்தான் தாளத்தைத் தாங்கும். பேஸில் லேசாக உராய்வு சேர்த்தால் அதன் மேல்சுருதிகள் எழும்பி, இல்லாத கீழ் ஸ்வரத்தையும் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

முறை வைத்து நடக்கும் சண்டைக்கு டிஸ்கோ பொருந்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு ஐந்து விநாடியும் நிற்பார், ஐம்பது விநாடியும் நிற்பார். 12 அங்குல இசைத்தட்டு அதே சிக்கலுக்குப் பிறந்தது: ஆடுகிறவர்கள் நிற்கும் வரை பாட்டு நீள வேண்டும். டாம் மோல்டன் போன்ற ரீமிக்ஸ்காரர்கள் நடுவில் எல்லாக் கருவியையும் உருவிவிட்டு டிரம்மை மட்டும் விட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். கட்டளைப் பட்டியல் திறந்திருக்கும்போது ஹை-ஹேட்டும் பேஸும் மட்டும். கட்டளை கொடுத்ததும் கிக் விழட்டும். அடிக்கும்போது கிட்டார். எதிரியின் உயிர் கால்வாசிக்குக் கீழே போனதும் வயலின் கூட்டம். கோடோட் 4.3-ல் இதற்கென்றே ஆடியோஸ்ட்ரீம் சிங்க்ரனைஸ்ட் வந்திருக்கிறது, எல்லா ஸ்டெம்மும் ஒன்றாகவே ஓடும், நீங்கள் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கலாம். நிறுத்தித் தொடங்கக் கூடாது, தொடங்கும் கணம் பிசகும். தெருவிலிருந்து சண்டைக்கு மாறுவதற்கு ஆடியோஸ்ட்ரீம் இன்டரேக்டிவ், மாற்றத்தை 'அடுத்த பார்' என்று வையுங்கள். ஓஜிஜியை இறக்குமதி செய்யும் பலகையில் பிபிஎம் 120, பாருக்கு 4 பீட், மொத்தம் 64 பீட் என்று நிரப்பினால்தான் அதற்குப் பார் எங்கே என்று தெரியும். அது பூஜ்யமாக இருந்தால் மாற்றம் எங்கே வேண்டுமானாலும் விழும்.

தாளத்தில் அழுத்தும் சாளரத்தை முன்னும் பின்னும் 90 மில்லிநொடி என்று தொடங்குங்கள். 120-ல் ஒரு பீட் 500 மில்லிநொடி, அதனால் இது தாராளம்தான். ஃப்ரேம் எண்ணிக் கணக்கிட வேண்டாம். பாட்டு ஓடும் இடம், கடைசிக் கலவைக்குப் பின் கழிந்த நேரத்தைக் கூட்டி, வெளியீட்டுத் தாமதத்தைக் கழித்து எடுங்கள். புளூடூத் இயர்போனில் தாமதம் 150 மில்லிநொடியைச் சாதாரணமாகத் தாண்டும், அதை ஆட்டத்தால் அறிய முடியாது. அமைப்புப் பக்கத்தில் எட்டுத் தட்டு தட்டச் சொல்லி சராசரி எடுக்கும் ஒரு திரை கட்டாயம் வேண்டும்.

பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு. ஆனால் ஆட்டம் பிரௌசரில் உலகம் முழுக்கத் திறக்கிறது, அமெரிக்காவில் கணக்கு வேறு, பாட்டை எழுதியவரின் உரிமை இன்னும் நீளம். ஹை-ஹேட்டும் பேஸும் வாசித்துப் பதிவு செய்ய ஒரு மாலை போதும்.


மெய்யெழுத்து | பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

எழுத்துச் சிக்கல்.

'க' வந்து 'கொ' ஆக மாறுவது ரிச்டெக்ஸ்ட்லேபல் என்ற கோடோட் உரைப்பெட்டியின் ஒரு அமைப்பு. காட்டும் எழுத்து எண்ணிக்கையை அது இயல்பாக எழுத்தும் குறியும் சேர்ந்து வடிவமாகும் முன் எண்ணுகிறது, அதாவது 'க' ஒன்று, ஒகரக் குறி இன்னொன்று. விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்ற இடத்தில் 'ஆஃப்டர் ஷேப்பிங்' என்று மாற்றுங்கள். சொல் முழுவதும் முன்பே உருவாகி, பிறகு வெளிவரும். அப்போது சொல் வரி உடைந்து குதிப்பதும் நிற்கும்.

பிரௌசரில் கட்டம் வருவதற்குக் காரணம் எழுத்துரு. கணினியில் ஓடும்போது கோடோட் இயங்குதளத்தின் தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக்கொள்கிறது. பிரௌசரில் அந்தக் கடன் கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழை ஆட்டத்துக்குள் சேர்த்து, தீமின் இயல்பு எழுத்துருவாகவே வையுங்கள். சில இடங்களில் மட்டும் கட்டம் என்றால் அந்த லேபல்களில் தனியாக வேறு எழுத்துரு போட்டிருப்பீர்கள், அதன் ஃபால்பேக் பட்டியலில் நோட்டோவைச் சேர்க்க வேண்டும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. பிரௌசர் கோப்பைச் சிறிதாக்க எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டை (ஏற்றுமதியில் சேரும் என்ஜின் கோப்பு) நீங்களே கட்டினால் முப்பரிமாணத்தை நீக்குங்கள், நல்ல மிச்சம். ஆனால் எழுத்தையும் குறியையும் சேர்த்து வடிவமாக்கும் அட்வான்ஸ்ட் டெக்ஸ்ட் சர்வரை நீக்கிவிடாதீர்கள். பல வழிகாட்டிகள் அதையும் நீக்கச் சொல்கின்றன, ஆங்கில ஆட்டத்துக்கு அது சரி. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், 'கெ' கலைந்துவிடும்.

பன்னிரண்டங்குலம் அண்ணன் சொன்னதில் ஒரு சேர்க்கை. கோடோட் 4.3 பிரௌசரில் இயல்பாக 'சாம்பிள்' முறையில் ஒலி வாசிக்கும். அந்த முறையில் சிங்க்ரனைஸ்ட், இன்டரேக்டிவ் இரண்டையும் நம்ப முடியாது, எதிரொலி விளைவுகளும் வேலை செய்யா. இசைக்கான பிளேயரில் மட்டும் 'ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்கள். ஸ்ட்ரீம் முறை ஒற்றைத் திரெட் (ஒரே வேலைத்தடம்) ஏற்றுமதியில் கரகரக்கும், அதனால் திரெட்டை இயக்கி ஏற்றுமதி செய்ய வேண்டும். திரெட் வேண்டுமென்றால் சர்வர் இரண்டு ஹெடர் (பக்கத்தோடு போகும் குறிப்பு) அனுப்ப வேண்டும்: கிராஸ்-ஆரிஜின்-ஓப்பனர்-பாலிசி 'சேம்-ஆரிஜின்', கிராஸ்-ஆரிஜின்-எம்பெடர்-பாலிசி 'ரிக்வயர்-கார்ப்'. கிட்ஹப் பேஜஸில் ஹெடரை மாற்ற இடமில்லை. கிளவுட்ஃபிளேர் பேஜஸில் மாற்றலாம், ஆனால் ஒரு கோப்பு 25 மெபிபைட்டைத் தாண்டக் கூடாது. கோடோட்டின் என்ஜின் நிரல் இருக்கும் wasm கோப்பு அதைத் தாண்டக்கூடும், ஏற்றுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பரிமாணத்தை நீக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஆட்டம் திறந்ததும் தலைப்புப் பாட்டு வராது என்பதையும் எதிர்பாருங்கள். ஆட்டக்காரர் ஒரு முறை தொடும் வரை பிரௌசர் ஒலியைத் திறக்காது. 'தொட்டுத் தொடங்குங்கள்' என்று ஒரு திரை வைத்தால் தீர்ந்தது.


படகுத்துறை | ஜார்ஜ்டவுன், பினாங்கு

எல்லாருக்கும் நன்றி. 'ஆஃப்டர் ஷேப்பிங்' மாற்றியதும் 'கொட்டு' ஒழுங்காக வருகிறது. 120-க்கு மாற்றும் வேலை நடக்கிறது.

பெயர்வழங்கி அண்ணா, இலவச முகவரியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே சோதித்து வருகிறார்கள். டாட் மை எடுக்கத் தீர்மானித்துவிட்டோம். அவர்களுடைய சேவ் ஃபைலைக் கொண்டுவர வழி உண்டா? பழைய முகவரியிலிருந்து 301 போட்டால் கூடவே வருமா?


பெயர்வழங்கி | செந்தூல், கோலாலம்பூர்

வராது. 301 போட்ட நிமிடமே பழைய கிடங்கின் கதவு மூடிவிடும். பிரௌசர் பழைய முகவரியில் எந்தப் பக்கத்தையும் திறக்காமல் நேராகப் புதியதற்குப் போய்விடும். பழைய முகவரியில் ஒரு பக்கமாவது ஓடினால்தான் அங்கே இருக்கும் சேவ் ஃபைலைப் படிக்க முடியும். சேவ் எல்லாம் வந்து சேரும் வரை பழைய முகவரியை அப்படியே வைத்திருங்கள்.

முப்பது பேருக்கு எளிய வழி: பழைய முகவரியில் ஆட்டத்தின் புதுப் பதிப்பு ஒன்றை ஏற்றி, அதில் 'சேவ் ஃபைலை இறக்கு' என்று ஒரு பொத்தான் சேருங்கள். கோடோட்டின் ஜாவாஸ்கிரிப்ட் பிரிட்ஜில் டவுன்லோட் பஃபர் என்ற கட்டளை இருக்கிறது, பைட்டுகளைக் கொடுத்தால் பிரௌசர் கோப்பாக இறக்கிவிடும். புதிய முகவரியில் 'கோப்பிலிருந்து ஏற்று'. பழைய பதிப்பு முழுத்திரையில் 'நாங்கள் இடம் மாறுகிறோம், சேவ் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லட்டும்.

ஆட்டக்காரர் எதுவும் செய்யாமல் தானே நகர வேண்டுமென்றால், புதிய முகவரியில் ஒரு தனிப் பக்கம் பழைய முகவரியைப் புது ஜன்னலில் திறந்து, போஸ்ட்மெசேஜ் (ஜன்னல்களுக்கு இடையே செய்தி அனுப்பும் வழி) மூலம் சேவ் ஃபைலை வாங்கலாம். ஐஃப்ரேமில் திறந்தால் கிடங்கு காலியாகத் தெரியும், மேலே சொன்ன பிரிப்பு காரணம். மெய்யெழுத்து சொன்ன ஓப்பனர்-பாலிசி ஹெடர் இந்த இரண்டு பக்கங்களில் எதிலும் இருக்கக் கூடாது. அது இருந்தால் திறந்த ஜன்னலுக்கும் திறந்தவருக்கும் உறவு அறுந்துவிடும், செய்தி போகாது. ஆட்டம் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் ஹெடர், இடமாற்றப் பக்கத்துக்கு வேண்டாம். செய்தி வாங்கும்போது அனுப்பியவர் முகவரி உங்கள் பழைய முகவரிதானா என்று சோதிக்க மறக்காதீர்கள்.

கோப்பாக இறக்கும் பொத்தானை இடமாற்றம் முடிந்த பிறகும் நீக்க வேண்டாம். ஐபோனில் சஃபாரி, ஏழு நாள் உங்கள் தளத்தைத் தொடாதவரின் கிடங்கைத் துடைத்துவிடும். 2020 முதல் அப்படித்தான். முகப்புத் திரையில் சேர்த்து வைத்தவருக்கு மட்டும் விலக்கு. மறைநிலை ஜன்னலில் விளையாடுகிறவருக்கு ஜன்னலோடு சேவும் போய்விடும்.

வெளியிலிருந்து கோப்பு வாங்கப் போகிறீர்கள் என்பதால் சேவ் ஃபைலை ஜேசனாக (வெறும் உரை வடிவில்) எழுதுங்கள். கோடோட்டின் ஆப்ஜெக்ட்டை அப்படியே திறக்கும் வழியில் வாங்கினால், யாரோ கொடுத்த சேவ் ஃபைலுக்குள் நிரலும் வரலாம். ஜேசனில் முழு எண் எல்லாம் தசம எண்ணாகத் திரும்பும், 'நிலை 7' என்பது 7.0 ஆகிச் சில ஒப்பீடுகள் தவறும், படித்ததும் முழு எண்ணாக்குங்கள். முதல் வரியிலேயே சேவ் பதிப்பு எண் ஒன்று வையுங்கள்.


பன்னிரண்டங்குலம் | பட்டர்வொர்த், பினாங்கு

இசை இல்லாத ஒரு குறிப்பு. கதை 1979 என்றால் வரைபடத்தில் பாலம் வேண்டாம். பினாங்குப் பாலம் 1985 செப்டம்பரில்தான் திறந்தது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வருகிறவன் படகில்தான் வருவான். கொம்தார் கோபுரமும் அப்போது கட்டி முடியவில்லை, பின்னணி ஓவியத்தில் முழுக் கோபுரத்தைக் காட்டினால் இங்குள்ளவர்கள் உடனே பிடிப்பார்கள்.

இது ஆட்டத்துக்கும் நல்லதுதான். கடைசிப் படகு நேரம் ஒரு கெடுவாக நிற்கும், ஆடிக்கொண்டே இருந்தால் அக்கரைக்குத் திரும்ப முடியாது. படகுக் காட்சிக்கு அதே பேஸ் ஸ்டெம்மை மட்டும் எடுத்து, மேல் அதிர்வெண்களை 400 ஹெர்ட்ஸில் வெட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கரையில் டிஸ்கோ இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தண்ணீருக்கு மேலே கேட்கும்.